எம். செண்பகவல்லி

செப்டம்பர் 1, திங்கள்

இன்று முதல் நடப்பதை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எங்கள் வீட்டில் ஒரே விஷயம் ஆளுக்கொரு விதமாகச் சொல்லப்படுகிறது. யாராவது ஒருவர் உள்ளபடி எழுதி வைக்க வேண்டாமா?

உள்ளது இதுதான். அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. அப்பா அம்மாவிடம் "நீர் கோத்திருக்கு, மருந்துல வடிஞ்சிரும்" என்கிறார். அம்மா வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸில் "அல்சர்" என்று சொல்லியிருக்கிறார். சித்தப்பாவிடம் போனில் மட்டும் உண்மையைச் சொல்லி அழுதார். அது எனக்குக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டிருக்கும். அவள் எதுவும் கேட்காதவள் மாதிரி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் பிளஸ் ஒன். விலங்கியல் புத்தகத்தில் ‘கழிவு நீக்கம்’ பாடம் இன்னும் நடத்தவில்லை. நானே படித்துவிட்டேன். நெஃப்ரான் படம் வரைந்து பாகங்களைக் குறித்தேன். படத்தில் எல்லாம் நன்றாக வேலை செய்கிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

பள்ளிக்கு அரை நாள் லீவு. அம்மாவுடன் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அப்பா லோடு ஆட்டோவில் இறக்கிவிட்டுச் சவாரிக்குப் போய்விட்டார்.

டயாலிசிஸ் பிரிவு மாடியில் இருக்கிறது. உள்ளே மிஷின்கள், வெளியே பெஞ்சுகள். உள்ளே இருப்பவர்களுக்கு வாரம் இரண்டு நாள் நிரந்தரமாக உண்டு. அதைத்தான் எல்லோரும் ‘இடம்’ என்கிறார்கள். "அவுகளுக்கு இடம் கெடச்சிருச்சு" என்பதைக் காலேஜில் சீட் கிடைத்ததுபோலச் சொல்கிறார்கள். இடம் இல்லாதவர்கள் காத்திருக்க வேண்டும். மூச்சு முட்டினால் மட்டும் எமர்ஜென்சியில் ஒரு தடவை போட்டு அனுப்புவார்கள். காப்பீட்டு அட்டை செல்லும் தனியார் ஆஸ்பத்திரிகளில் அப்பா கேட்டுப் பார்த்துவிட்டார். அங்கேயும் இடம் இல்லை.

பெஞ்சில் எங்கள் பக்கத்தில் ஒரு அம்மா இருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. பேச்சில் மட்டும் வீக்கம் இல்லை.

"உம் பேரு என்னம்மா?"

"செண்பகவல்லி" என்றாள் அம்மா.

"அடி ஆத்தா! எம் பேரும் அதானே! நம்ம பக்கம் பொம்பளப் பிள்ள பொறந்தா பாதிக்கு இந்தப் பேருதான். அந்தச் செண்பகவல்லி அம்மன் நம்ம ரெண்டு பேரயும் ஒரே ஆளுன்னு நெனச்சு ஒரே நோவக் குடுத்துட்டா போல."

அம்மா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. அவள் இப்படிச் சிரித்துப் பல நாள் ஆகிறது.

"இனிஷியல் என்ன?" என்று கேட்டார் அவர்.

"எஸ். அவுக பேரு சுடலைமுத்து."

"எனக்கு எம். முருகேசன். மனுசன் போயி பல வருசம் ஆச்சு. இனிஷியல் மட்டும் கூடவே கெடக்கு."

"கல்யாணத்துக்கு முந்தி நானும் எம்தான். மாடசாமி மக. ஆதார்ல இன்னும் மாத்தல."

அவருக்கு ஒரே மகன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். இவர் தனியாகவே பஸ் ஏறி வருகிறார். "ஆனி மாசத்துலேருந்து நடக்கேன். அடுத்த இடம் எனக்குத்தானாம். எனக்குப் பெறகு நீங்களாம். பட்டியல் எழுதுற எஸ்தர் சிஸ்டர் உங்களக் காட்டிச் சொன்னாக."

நான் அவரை ஆன்ட்டி என்றேன். "அதெல்லாம் வேண்டாம்ட்டி. உங்கம்மா பேரு உள்ளவ, பெரியம்மான்னு கூப்பிடு" என்றார்.

செப்டம்பர் 8, திங்கள்

காய்களை நறுக்கி வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். மறுபடி தண்ணீர் ஊற்றி வேகவைத்து மறுபடி வடிக்க வேண்டும். பொட்டாசியம் போவதற்காக. ருசியும் போய்விடுகிறது. அம்மாவுக்குக் குடிதண்ணீர் ஒரு சின்ன டம்ளரில் அளந்து வைக்கிறேன். தாகம் எடுத்தால் ஒரு ஐஸ்கட்டி.

"கனவுல இளநி குடிச்சேம்ட்டி. அதயும் நீ வந்து புடுங்கிட்ட" என்றாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

காலையில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. எமர்ஜென்சியில் கழுத்தில் குழாய் வைத்து டயாலிசிஸ் செய்தார்கள். டாக்டர் அருள்தாஸ் அப்பாவை ஓரமாக அழைத்துப் பேசினார். நானும் போனேன்.

"இப்படி அவசரத்துக்கு அவசரம் செஞ்சா இதயம் தாங்காது. நிரந்தரமா இடம் வேணும்" என்றார்.

"அய்யா, ஒரு இடம் பாத்துக் குடுங்கய்யா."

"நான் வச்சுக்கிட்டா தரலைங்கிறேன்? இடம் எப்படி வரும் சொல்லுங்க. ஒண்ணு, யாருக்காவது மாற்று சிறுநீரகம் கெடைக்கணும். இல்லைன்னா…"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்பும்போது கோயில் வாசலில் இறங்கிக் கும்பிட்டேன். இத்தனை நாளும் "அம்மாவுக்குச் சீக்கிரம் இடம் கிடைக்கட்டும்" என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். இன்றும் அதையேதான் வேண்டினேன்.

செப்டம்பர் 17, புதன்

சாயங்காலம் போன் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. செவ்வாயும் வெள்ளியும். அம்மா அழுதாள். சுரைக்காய் கூட்டு வைத்தேன். சுரைக்காய் முற்றல், விதையெல்லாம் எடுக்க வேண்டியிருந்தது. நாளைக்கு வேதியியல் தேர்வு.

செப்டம்பர் 19, வெள்ளி

அம்மாவின் முதல் நாள். தேர்வு எழுதிவிட்டு மத்தியானம் நேரே அங்கே போனேன். அம்மாவின் ரத்தம் குழாய் வழியாக வெளியே வந்து, மிஷினில் சுற்றி, திரும்பிப் போகிறது. குழாயைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். வெதுவெதுப்பாக இருந்தது.

பக்கத்து நாற்காலிக்காரர், "இது கோமதிநாயகம் சாரோட எடம்மா. நல்ல மனுசன். போன வாரம் தவறிட்டாரு" என்றார். அம்மா நாற்காலியின் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைத்துக்கொண்டாள்.

பதிவு செய்யும்போது அப்பா அம்மாவின் ஆதாரைத்தான் கொடுத்தாராம். அப்பா பேர் போட்ட காப்பீட்டு அட்டையைக் கேட்டதற்கு, வீட்டில் மறந்து வைத்துவிட்டதாகச் சொன்னாராம். அப்பா எப்போதும் எதையும் மறக்கமாட்டார்.

ராத்திரி அம்மா இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். படுத்துத் தூங்கினாள். உட்கார்ந்தபடி இல்லை, படுத்து.

செப்டம்பர் 23, செவ்வாய்

அம்மாவின் முகம் சின்னதாகிவிட்டது. பழைய முகம். அப்பாவைப் பார்த்து, "நீரெல்லாம் வடிஞ்சிட்டு. மருந்துலயா?" என்று கேட்டாள். அப்பா குனிந்து சட்டைப் பொத்தானைப் போட்டார். அம்மாவும் நானும் சிரித்தோம்.

செப்டம்பர் 26, வெள்ளி

காலாண்டுத் தேர்வு முடிந்தது. அம்மா உள்ளே போனபின் நான் வெளியே புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். "மதி" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

பெரியம்மா. முகம் ஊதியிருந்தது. கண் இரண்டும் கோடு மாதிரி. குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

"அம்மா எங்கட்டி?"

"உள்ள. எமர்ஜென்சி" என்றேன்.

"ஐயோ பாவம். போன வாரமும் உங்கள இங்கன பாத்ததாச் சொன்னாக. அடிக்கடி எமர்ஜென்சி போடுதாகன்னா ரொம்ப முடியலையோ? நானாவது பரவால்ல, நடந்து வந்துட்டேன்."

தன் ரத்தப் பரிசோதனைத் தாளைக் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொன்னார். கிரியாட்டினின் அம்மாவுக்கு இருந்ததைவிட அதிகம். "கொஞ்சம் கூட இருக்கு பெரியம்மா" என்றேன்.

"அடுத்தது நான்தான்ங்காக. அந்த அடுத்தது எப்பன்னுதான் தெரியல" என்று சிரித்தார்.

அம்மா வெளியே வந்ததும் அவர் தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். அம்மாவும் ஆட்டினாள்.

செப்டம்பர் 27, சனி

பதினேழாம் தேதி எழுதியது பொய் இல்லை. ஆனால் உள்ளபடியும் இல்லை. அன்று போனை எடுத்தது நான். நடந்தது இது.

"பெரியாஸ்பத்திரி டயாலிசிஸ்லேருந்து பேசுறேன். செண்பகவல்லி வீடா?" எஸ்தர் சிஸ்டரின் குரல். பின்னால் ஒரே சத்தம்.

"ஆமா சிஸ்டர்."

"எம் தானே? எம். செண்பகவல்லி?"

அப்போதே எனக்குத் தெரியும். பட்டியலில் அடுத்தடுத்து இருந்த ஒரே பேரில் எண் மாறிப் போட்டுவிட்டார், அவர் தேடுவது பெரியம்மாவை என்று தெரியும். உள்ளறையில் அம்மா தலையணைகளில் சாய்ந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஆமா, எம் தான்" என்றேன்.

ஆதாரில் எம்தான் இருக்கிறது. பத்து நாளாக இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

அப்பா ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திகைக்கவில்லை. கைத்துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"அவங்க ‘எம் தானே’ன்னு கேட்டாங்க. உங்கம்மா எம் தான். இதுல என்ன பொய்யி?"

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"அங்க போனதுமே தெரிஞ்சுபோச்சு. அந்தச் சிஸ்டர் ‘முருகேசன் சம்சாரமா’ன்னு வாய்க்குள்ளயே கேட்டுக்கிட்டு எழுதுச்சு. நான் வாயத் தொறக்கல."

"பெரியம்மாவுக்கு ரொம்ப முடியலப்பா."

"எனக்கு ஒருத்திதான் இருக்கா மதி. நீ பெரிய படிப்புப் படி, நியாயம் பேசு. அதுக்கு உங்கம்மா இருக்கணும்ல? வாய மூடிக்கிட்டுப் போ."

திரும்பினால் அம்மா வாசலில் நிற்கிறாள். கையில் அப்பாவுக்குக் கொண்டுவந்த காபி.

செப்டம்பர் 29, திங்கள்

இன்று காலை அம்மா எனக்குத் தலை வாரிவிட்டாள். பின்னும்போது இழுத்த இழுப்பில் கண்ணில் நீர் வந்தது.

"எனக்குக் கேக்குற மாதிரி ஏன்ட்டி சொன்ன?" என்றாள்.

"நீ அங்க நிக்கிறது தெரியலம்மா."

"தெரியாமயே இருந்துருப்பேன்ல. நிம்மதியா இருந்துருப்பேன்ல."

செப்டம்பர் 30, செவ்வாய்

அம்மா போகமாட்டாள் என்று நினைத்தேன். யாரும் எழுப்பாமல் எழுந்து குளித்துக் கிளம்பி, அப்பாவுக்கு முன்னால் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பெஞ்சில் பெரியம்மா இருந்தார். "போய்ட்டு வா தங்கச்சி, தைரியமா இரு" என்று கையை ஆட்டினார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

அக்டோபர் 3, வெள்ளி

நீளமாக எழுத வேண்டிய நாள்.

டயாலிசிஸ் முடிந்ததும் அம்மா என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனாள். அப்பா சவாரியில் இருந்தார்.

"சார், எனக்கு செவ்வாயும் வெள்ளியும் இருக்கு. வெள்ளிக்கெழமய இன்னொரு ஆளுக்குக் குடுக்கலாமா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "பஸ்ல தள்ளி உக்காந்து எடம் குடுக்கிற மாதிரியா? வாரத்துக்கு மூணு தடவ செய்யணும்மா. மிஷின் இல்லாம ரெண்டு செய்றோம். அதையும் ஒண்ணாக்கினா ரெண்டு பேரும் தாங்க மாட்டீங்க. யாருக்குக் கேக்குறீங்க?"

"வெளிய எம் பேருல ஒருத்தி உக்காந்திருக்கா."

"அவங்களுக்கு ஏன்?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். போனில் கேட்டது, நான் சொன்ன பதில், எல்லாம். அப்பாவுக்குத் தெரியும் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

டாக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து பேனாவை மூடித் திறந்தார்.

"இப்ப நீ சொன்னத நான் கேட்டேனா, கேக்கலையா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"கேட்டேன்னா, அந்த எடம் அவங்களோடது. அடுத்த தடவையே மாத்திரணும். உங்கம்மா திரும்பப் பெஞ்சுக்குப் போகணும். கேக்கலைன்னா, இப்ப இருக்கிற மாதிரியே இருக்கும். செவ்வாய்க்கிழமை வந்து சொல்லுங்க."

"நீங்களே முடிவு பண்ணக் கூடாதா சார்?"

"எனக்கு ரெண்டு பேருமே பேஷண்ட்மா."

அப்போது தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தபின் கோபம் வந்தது. தப்பு ஆரம்பித்தது என் வாயில், சரி. ஆனால் பேரைப் பார்த்து, ஊரைக் கேட்டு, ஆளைக் கூப்பிட வேண்டியது யார்? இருக்கிற மிஷின் போதாது என்பது யார் குற்றம்? முடிவை மட்டும், கழுத்தில் குழாய் வைத்த தழும்போடு நிற்கிற ஒருத்தியிடம் கொடுத்து அனுப்பலாமா? இதையெல்லாம் அங்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

காலையிலிருந்து சண்டை.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். அந்த ஆளே கேக்கலன்னு சொல்லுதேன்னுட்டாரு. பெறகு என்ன?" என்றார் அப்பா.

"அவ கை காட்டுதாங்க. ஒவ்வொரு தடவயும் போய்ட்டு வா, போய்ட்டு வாங்கா. என்னால முடியல."

"கண்ண மூடிக்கிட்டுப் போ."

"நீங்க போய் அந்தப் பெஞ்சத் தாண்டிப் பாருங்க, தெரியும்."

"அவ செத்தா நீயா கொன்ன? நீ செத்தா நான் என்ன செய்ய? அதச் சொல்லு!"

சாயங்காலம் அம்மா என்னைக் கேட்டாள். "நீ சொல்லு மதி. சொல்லவா, வேண்டாமா?"

சொல்லு என்றால் அம்மா போய்விடுவாள். வேண்டாம் என்றால் பெரியம்மா போய்விடுவார். "தெரியலம்மா" என்றேன். அம்மா சரி என்று சொல்லிவிட்டு, காய்ந்த துணிகளை எடுக்கப் போனாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

அம்மா டாக்டர் அறைக்குத் தனியாகப் போனாள். எங்களை வெளியே நிற்கச் சொன்னாள். அப்பா மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். பெஞ்சில் பெரியம்மா சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது.

முதலில் வெளியே வந்தது எஸ்தர் சிஸ்டர். முகம் சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல் சத்தமாகக் கூப்பிட்டார்.

"எம். செண்பகவல்லி! முருகேசன் சம்சாரம்!"

பெரியம்மா எழுந்திருக்க முயன்றார். மடியிலிருந்த பை விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். பெரியம்மா அவள் கை இரண்டையும் பற்றிக்கொண்டார்.

"எடம் வந்துட்டு தங்கச்சி! எனக்கு எடம் வந்துட்டு!"

"சந்தோசம்க்கா."

"அடுத்தது நீதான். பயப்படாத. நான் உள்ள போயிச் சிஸ்டர்கிட்ட சொல்லுதேன், என் தங்கச்சி வெளிய இருக்கா, சீக்கிரம் பாருங்கன்னு."

"சாப்பிட்டீங்களா? வெறும் வயித்துல உக்காராதீங்க, கிறுகிறுன்னு வரும்" என்று சொல்லி, அம்மா தனக்குக் கொண்டுவந்த இட்லியை அவர் பையில் வைத்தாள்.

அவருக்கு எதுவும் தெரியாது. டாக்டரும் சொல்லவில்லை, சிஸ்டரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் திட்டியிருப்பாரா, கையைப் பிடித்திருப்பாரா?

அப்பா பாதி வழியில் ஆட்டோவை ஓரமாக நிறுத்தினார். இறங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வந்து ஓட்டினார்.

அக்டோபர் 10, வெள்ளி

இன்று நாங்கள் எங்கும் போகவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

அப்பா என்னுடன் நேராகப் பேசுவதில்லை. "சோறு போதும்னு அவகிட்டச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்கிறார். அம்மாவின் கால் மறுபடி வீங்க ஆரம்பித்துவிட்டது. விரலால் அழுத்தினால் குழி விழுகிறது, மேலெழ நேரமாகிறது. கால் வலிப்பதாகச் சொல்லி என்னை அழுத்திவிடச் சொன்னாள். குழியைப் பார்க்காமல் அழுத்தினேன்.

அக்டோபர் 16, வியாழன்

விடியும்போது அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். கழுத்தில் மறுபடி குழாய். ஒரு தடவை டயாலிசிஸ் செய்தார்கள். இதயத்தைச் சுற்றி நீர் இருக்கிறது என்கிறார்கள். டாக்டர் அருள்தாஸ் இரண்டு முறை வந்து பார்த்தார். அம்மாவிடம்தான் பேசினார். என் பக்கம் திரும்பவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

மத்தியானம் பெரியம்மா வார்டுக்கு வந்தார். அவருடைய முறை முடிந்து, பஸ்ஸுக்கு முன்னால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். முகத்தில் வீக்கம் வடிந்து கண் இரண்டும் தெரிந்தன. பெரிய கண்கள். இத்தனை நாளும் கவனித்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் அது பொய்.

"இன்னும் கூப்பிடலையா உங்கள? இது என்ன அநியாயம்!" என்று எஸ்தர் சிஸ்டருடன் சண்டை போடக் கிளம்பினார். அம்மா அவர் சேலையைப் பிடித்து நிறுத்தினாள்.

சாயங்காலம் அப்பா மாடிக்குப் போய்விட்டு வேகமாக இறங்கி வந்தார். இத்தனை நாளுக்குப் பிறகு நேராக என்னிடம் பேசினார்.

"மேல ஒருத்தருக்கு ரொம்ப சீரியஸாம் மதி. வயசானவரு. ராத்திரி தாங்குறது கஷ்டங்காங்க."

அவர் முகம் தெளிந்திருந்தது. நானும் கட்டிலிலிருந்து எழுந்துவிட்டேன்.

"யாருப்பா? எந்தக் கெழமக்காரரு?"

அம்மா தூங்குகிறாள் என்று நினைத்திருந்தோம். கண்ணைத் திறக்காமலே பேசினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது.

"ரெண்டு பேரும்… வாயக் கழுவிட்டு வாங்க."

அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். நான் குழாயடிக்குப் போய் உண்மையாகவே வாயைக் கழுவினேன். திரும்பி வந்து, யாருடைய சொந்தக்காரர்களாவது அழுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மாடியில் நடமாட்டம் கேட்கிறது. யாரோ ஓடுகிறார்கள். அம்மா தலையணைகளில் சாய்ந்தபடி உட்கார்ந்தே தூங்கு…

வார்டில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.